பதினொரு நாள் தரையிலேயே

கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் முஸ்டாங் என்ற இரண்டாம் உலகப் போர்ச் சண்டை விமானத்தை ஓடுதளத்தில் நேராக ஓட்டி மேலே கிளப்ப எனக்குப் பதினொரு நாள் பிடித்தது. துரத்துவது, குறி பார்ப்பது, சுடுவது எல்லாம் அதற்கப்புறம் பல வாரம் கழித்துத்தான். முதல் பத்து ராத்திரியும் ஓடுதளத்து ஓரப் புல்லுக்குள்ளேயே கழிந்தது.

அது கார்த்திகை மாதம். துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். விசைப்படகுகள் உப்பனாற்றில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடந்தன. நான் கடலூர் முதுநகரில் படகு இன்ஜின் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக இதே தொழில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் படகெல்லாம் வேலைக்கு வந்துவிடும், சாப்பிட நேரம் இருக்காது. அதற்கு நேரெதிர் இந்த அடைமழைக் காலம். கூண்டு ஏறிவிட்டால் பட்டறைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன்.

டிசிஎஸ் வேர்ல்டு என்ற சிமுலேட்டரை அந்த மழையில்தான் டவுன்லோடு செய்தேன். இலவசமாக எடுத்தாலே அதோடு இரண்டு விமானம் வரும். ஒன்று சு-25டி என்கிற ரஷ்ய ஜெட். இன்னொன்று டிஎஃப்-51டி, அதாவது துப்பாக்கி இல்லாத இரட்டை இருக்கை முஸ்டாங். கூடவே கருங்கடல் ஓரத்து நிலப்பரப்பு. அதில் பத்துமி என்று ஒரு விமான நிலையம், ஓடுதளத்தின் ஒரு முனையைத் தாண்டினால் கடல். பழகிய காட்சி மாதிரி இருந்ததால் அங்கேயே தங்கிவிட்டேன்.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். இன்ஜினைக் கிளப்புவதில் எனக்குச் சிரமமே இல்லை. எரிபொருள் பம்ப், பிரைமர், மேக்னெட்டோ என்று வரிசை தெரிந்தால் போதும். அது என் வேலை. பன்னிரண்டு சிலிண்டர் மெர்லின் இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. பிரேக்கை விட்டு த்ராட்டிலை முழுசாகத் தள்ளினேன். கொஞ்ச தூரம்கூட ஓடவில்லை, மூக்கு இடப்பக்கம் இழுத்தது. ரட்டர் என்பது வாலில் இருக்கும் சுக்கான், நிஜ விமானத்தில் அதைக் காலால் மிதித்துத் திருப்புவார்கள். வலது ரட்டரைக் கொடுத்தேன், கேட்கவில்லை. இன்னும் கொடுத்தேன். திடீரென்று வலப்பக்கம் பாய்ந்தது. பதறி இடது கொடுத்தேன். அவ்வளவுதான், வால் என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. இறக்கை நுனி தரையில் உரசி, புரொப்பல்லர் மண்ணைக் கொத்தி, விமானம் வந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றது. இதற்குக் கிரவுண்ட் லூப் என்று பெயர்.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்ள மீன் ஏலக்கூடத்துக்கு வாருங்கள். அங்கே ஐஸ் பெட்டி ஏற்றுகிற தள்ளுவண்டி இருக்கும். ஒரு முனையில் திரும்பாத சக்கரம் இரண்டு, மறு முனையில் எந்தப் பக்கமும் சுழலக்கூடிய சக்கரம். சுழலும் சக்கரம் முன்னால் இருக்கும்படி தள்ளிவிட்டால் கையை எடுத்தாலும் நேராக ஓடும். அதே வண்டியைத் திருப்பி, சுழலும் சக்கரம் பின்னால் வரும்படி தள்ளிவிட்டுப் பாருங்கள். நாலடி ஓடும், லேசாகக் கோணும், பின்பக்கம் சுழன்று முன்னால் வந்துவிடும். பாரம் திரும்பாத சக்கரத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் விஷயம். பாரம் அதற்கு முன்னால் இருந்தால் வண்டி தானாக நேராகும். பின்னால் இருந்தால், கோணல் கோணலை வளர்க்கும். முஸ்டாங், ஸ்பிட்ஃபயர், மெஸ்ஸர்ஷ்மிட் 109 போன்ற அந்தக் காலச் சண்டை விமானங்கள் எல்லாம் இந்த இரண்டாவது ரகம். முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலில் ஒரு குட்டிச் சக்கரம், எடை மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால். இன்றைய பயணிகள் விமானம் எல்லாம் மூக்குச் சக்கரம் வைத்தவை, முதல் ரகம்.

அதோடு விடவில்லை. முஸ்டாங்கின் புரொப்பல்லர் 11 அடி 2 அங்குல விட்டம். அதைச் சுற்றுவது கிட்டத்தட்ட 1,500 குதிரைத்திறன். நான் நாள் முழுக்கப் பிரித்து மாட்டுகிற இன்ஜின்களில் பத்துப் பன்னிரண்டைச் சேர்த்தால்தான் அந்த ஒன்று வரும். விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் அது கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. எதிர்விசை இடது சக்கரத்தை அமுக்கும். புரொப்பல்லர் தள்ளும் காற்று உடம்பைச் சுற்றிச் சுருளாகப் போய் வாலின் இடப்பக்கத்தில் அடிக்கும். மூக்கு இடது போகும். வால் தரையில் இருக்கும்வரை புரொப்பல்லர் சாய்ந்து நிற்கிறது, அதனால் வலப்பக்கம் இறங்கும் அலகு அதிகமாக இழுக்கும், அதுவும் இடது. வால் எழும்பும் நேரத்தில் சுழலும் அந்த எடை பம்பரம் போல நடந்துகொண்டு மூக்கை மறுபடி இடதுக்கே தள்ளும். நாலும் ஒரே பக்கம். அதனால்தான் ஓடத் தொடங்கும் முன்பே ரட்டர் டிரிம்மை, அதாவது மிதிக்காமலேயே ரட்டரை ஒரு பக்கம் பிடித்து வைக்கும் திருகை, வலப்பக்கம் 6 டிகிரி வைக்கச் சொல்கிறது முஸ்டாங்கின் செக்லிஸ்ட்.

நான் செய்த தப்பு என்ன என்று நாலாம் நாள்தான் தெரிந்தது. முஸ்டாங்கில் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து வைத்திருந்தால் வால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ரட்டரோடு சேர்ந்து இரண்டு பக்கமும் 6 டிகிரிதான் திரும்பும். முன்னால் தள்ளினால் பூட்டு விட்டு, தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி சுழலும். நான் வாலைச் சீக்கிரம் தூக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே ஸ்டிக்கை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தேன். பூட்டை நானே திறந்துவிட்டு, பம்பர விசையையும் நானே வரவழைத்திருக்கிறேன். எட்டாம் நாளிலிருந்து ஸ்டிக்கை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, த்ராட்டிலை ஒரேயடியாகத் தள்ளாமல் பத்து எண்ணுவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். ரட்டரில் காற்று ஏறி அது பேச ஆரம்பித்த பிறகுதான் ஸ்டிக்கைத் தளர்த்தினேன்.

பதினொன்றாம் நாள் சக்கரச் சத்தம் நின்றது. கடல் கீழே வந்தது.

அக்கா மகன் புதுச்சேரியில் இன்ஜினியரிங் படிக்கிறான். சனி ஞாயிறு வந்தால் என் பக்கத்தில்தான் உட்காருவான். அவனும் விமானச் சண்டை ஆடுகிறவன், வார் தண்டர் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில், மவுஸை வைத்துக்கொண்டு. மவுஸ் எங்கே காட்டுகிறதோ அங்கே விமானம் போகும். காலுக்கு வேலையே இல்லை. நான் ஏழாவது தடவை புல்லுக்குள் போனதைப் பார்த்துவிட்டு அவனுக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, செட்டிங்ல டேக்ஆஃப் அசிஸ்ட்னு இருக்கு. அத ஏத்திவிட்டா அதுவே நேரா புடிச்சிக்கும். அப்புறம் ஆட்டோ ரட்டரும் போட்டுக்கோங்க. எதுக்கு இவ்வளவு கஷ்டம்?"

"அது புடிச்சிக்கிட்டா நான் எதுக்குடா உக்காந்திருக்கேன்?"

"சண்டை போடறதுக்கு. தரையில ஓட்டறதுல என்னா இருக்கு?"

அவனுக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். தரையில் வால் என்னைத் தாண்டி வருவதும், மேலே சண்டையில் விமானம் சுழன்று விழுவதும் எனக்கு ஒரே சமாச்சாரமாகப் படுகிறது. இரண்டும் பின்னால் தொடங்குகிறது. இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் முக்கால்வாசி முடிந்திருக்கும். இரண்டையும் அடக்குவது கால். தரையில் காலைப் பழக்காதவன் மேலேயும் காலில்லாமல்தான் பறப்பான்.

எங்கள் முகத்துவாரத்தில் இதைத் தினம் பார்க்கலாம். பாரம் ஏற்றிய படகு கடலிலிருந்து உள்ளே வரும்போது அலை பின்னாலிருந்து வரும். அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கும் அந்த இரண்டு விநாடி சுக்கானுக்குத் தண்ணீரில் பிடி குறைந்துவிடும். அப்போது படகு கொஞ்சம் கோணினால் போதும், அப்படியே திரும்பி அலைக்குக் குறுக்கே விழும். அடுத்த அலை கவிழ்த்துவிடும். எனக்குத் தெரிந்த வயதான படகு டிரைவர் ஒருவர் பின்னால் திரும்பியே பார்க்கமாட்டார். பலகையில் ஊன்றிய காலில் அலை வருவது அவருக்குத் தெரிந்துவிடும். "அலை தூக்கறதுக்கு முன்னாடியே சுக்கான் சொல்லிடணும். தூக்குனப்புறம் சொன்னா அது கேக்காது" என்பார். கை அசைவதே தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னதாகத் திருப்புவார், திருப்பியதை உடனே திரும்ப எடுத்துவிடுவார். நான் முஸ்டாங்கில் செய்தது அதற்கு நேர்மாறு. தாமதமாகக் கொடுத்தேன், அதிகமாகக் கொடுத்தேன், கொடுத்ததைத் திரும்ப எடுக்கவில்லை.

ஆனால் கால் பழக வேண்டும் என்றால் காலுக்கு ஏதாவது வேண்டும். ஆன்லைனில் வாங்கிய என் ஜாய்ஸ்டிக்கில் கைப்பிடியை முறுக்கினால் ரட்டர். மூன்று மாதத்தில் உள்ளே இருந்த பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்து, தொடாமலேயே ரட்டர் துடித்தது. கையால் முறுக்கும்போது ஸ்டிக்கும் கூடவே சாய்ந்துவிடுகிறது என்பது அதைவிடப் பெரிய தொல்லை. பெடலுக்கு ஆன்லைனில் பார்த்த விலைக்கு ஒரு கியர்பாக்ஸ் வேலை செய்து முடிக்க வேண்டும். அதனால் பட்டறையிலேயே செய்தேன்.

ஒன்றே கால் அங்குல சதுரக் குழாயில் சட்டம். நடுவில் 6202 பேரிங் இரண்டு, அதன் 15 மில்லிமீட்டர் துளைக்கு லேத்தில் கடைந்த ஒரு தண்டு. தண்டின் மேல் குறுக்காக ஒரு கம்பி, இரண்டு முனையிலும் கால் வைக்கும் தகடு. தண்டின் அடிமுனையில் சின்னக் காந்தம் ஒட்டி, அதற்கு எதிரே ஒரு ஹால் சென்சார். காந்தம் திரும்பினால் சென்சாரில் வோல்டேஜ் மாறும். உரசல் இல்லாததால் தேய்மானமும் இல்லை. அதை ஆர்டுயினோ லியனார்டோ என்ற சின்ன எலெக்ட்ரானிக் பலகையில் கோத்தால் கம்ப்யூட்டர் அதை ஜாய்ஸ்டிக்காகவே எடுத்துக்கொள்ளும். அந்த புரோகிராமை மட்டும் அக்கா மகன் ஏற்றிக்கொடுத்தான்.

ஸ்பிரிங்குதான் என்னைப் படுத்தியது. முதலில் மொபெட்டின் சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங் இரண்டைப் போட்டேன். ரொம்ப விறைப்பு, நடுவிலிருந்து அசைக்கவே எத்தி உதைக்க வேண்டியிருந்தது, உதைத்தால் அளவுக்கு மிஞ்சிப் போனது. மெல்லிய ஸ்பிரிங்குக்கு மாற்றினேன். நடு எங்கே என்று காலுக்குத் தெரியவில்லை. கடைசியில் மெல்லிய ஸ்பிரிங்கையே வைத்து, பேரிங்கில் கெட்டி கிரீஸ் அடைத்தேன். அந்த கிரீஸின் இழுவைதான் மருந்து. கால் வைத்த இடத்தில் நிற்கிறது, ஆனால் மெதுவாகத் தள்ளினால் ஒரு மயிரிழை நகர்கிறது. செருப்பில்லாமல் வெறுங்காலில்தான் ஓட்டுகிறேன். குதிகால் தரையில், விரல் அடிச் சதை தகட்டில். வெறுங்காலில் தெரியும் நுணுக்கம் ரப்பர் செருப்பில் தெரியாது.

பெடல் வந்த பிறகுதான் ஸ்டாலும் ஸ்பின்னும் எனக்குப் புரிந்தது.

வேகம் குறைந்தால் விமானம் விழும், அதுதான் ஸ்டால் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். உண்மையில் அது கோணத்தின் விஷயம். காற்று வரும் திசைக்கும் இறக்கைக்கும் நடுவிலுள்ள தாக்குகோணம் சுமார் 15, 16 டிகிரியைத் தாண்டினால், மேல்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொள்ளும். தூக்குவிசை சரியும். இது எந்த வேகத்திலும் நடக்கும். மணிக்கு 100 மைலில் ஸ்டாலாகிற விமானத்தை 60 டிகிரி சாய்த்து உயரம் இழக்காமல் திருப்பினால் இறக்கை இரண்டு மடங்கு எடையைத் தூக்குகிறது. அப்போது 141 மைலிலேயே ஸ்டால். 4 ஜி, அதாவது நாலு மடங்கு எடை வரும்படி இழுத்தால் 200 மைலில் ஸ்டால். எதிரியின் வாலைப் பிடிக்க வயிற்றோடு ஸ்டிக்கை இழுக்கிறவன், வேகம் நிறைய இருக்கிறதே என்ற தைரியத்தில் இழுக்கிறான்.

இரண்டு இறக்கையும் ஒன்றாக ஸ்டாலானால் மூக்கு தொங்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் ஒன்று முந்திக்கொள்ளும். ரட்டர் சரியில்லாமல் விமானம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டிருந்தால் கண்டிப்பாக ஒன்று முந்தும். முந்திய இறக்கை கீழே போகும், கீழே போவதாலேயே அதன் தாக்குகோணம் இன்னும் கூடும், இன்னும் ஸ்டாலாகும். மறு இறக்கை மேலே போகிறது, அதற்குக் கோணம் குறைகிறது, அது தூக்குகிறது. சுழற்சி தன்னைத்தானே ஊட்டிக்கொள்கிறது. அதுதான் ஸ்பின்.

அப்போது கை செய்யும் தப்பு இயல்பானது. இடது இறக்கை விழுந்தால் ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்க்கத் தோன்றும். சாய்த்தால் இடது இறக்கையின் ஏலிரான், அதாவது நுனிப்பக்கம் பின்விளிம்பில் அசையும் மடல், கீழே இறங்கும். ஸ்டாலாகிக் கிடக்கும் அதே இறக்கைக்குத் தாக்குகோணம் இன்னும் ஏறும். நாமே அதை ஆழக் குழிக்குள் தள்ளுகிறோம். செய்ய வேண்டியது வேறு. த்ராட்டிலை முழுசாக எடுக்க வேண்டும். ஸ்டிக்கைப் பக்கவாட்டில் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். சுழற்சிக்கு எதிர்ப்பக்க ரட்டரைக் கடைசிவரை மிதித்து, ஸ்டிக்கை முன்னால் தள்ள வேண்டும். அப்படியே பொறுத்திருக்க வேண்டும். சுழற்சி நின்ற அந்தக் கணத்தில் காலை எடுத்துவிட்டு மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் மறுபடி ஸ்டால்.

1912 ஆகஸ்டில் இங்கிலாந்தின் லார்க்ஹில்லில், வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை லெப்டினன்ட் ஒரு ஆவ்ரோ விமானத்தில் இப்படிச் சுழன்று விழுந்தார். கையில் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் எதிர்ப்பக்க ரட்டரை மிதித்தார். சுழற்சி நின்றபோது தரைக்கு 50 அடிதான் இருந்தது என்கிறார்கள். அதற்கு முன் ஸ்பின்னில் விழுந்தவர்களில் அநேகமாக எவரும் பிழைத்து வந்து சொன்னதில்லை. 1917-ல் ஃபார்ன்பரோவில் லிண்டமன் என்ற இயற்பியலாளர் தானே விமானம் ஓட்டக் கற்று, வேண்டுமென்றே ஸ்பின்னில் விழுந்து, அளவெடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு மனிதன் உயிரைப் பணயம் வைத்துக் கண்டுபிடித்த வரிசையை நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பழகுகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். அதை ஒரு பட்டனால் அணைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தை பிறந்தபின் அக்கா மகன் வந்தபோது ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ் என்ற இன்னொரு சிமுலேட்டரில் ஃபோக்க-வுல்ஃப் 190 என்ற ஜெர்மன் சண்டை விமானம் ஒன்றைக் கொடுத்து உட்காரவைத்தேன். வானத்திலேயே தொடங்கும் பயிற்சிதான், உதவி எதுவும் இல்லாமல். அவனுக்குக் கண் கூர்மை, எதிரியை என்னைவிடச் சீக்கிரம் பார்த்துவிடுவான். துரத்தினான், இடப்பக்கம் சாய்ந்து இழுத்தான், குறிவட்டத்துக்குள் எதிரி வரப்போகும் நேரத்தில் வானமும் தரையும் இடம் மாறிவிட்டன. விமானம் எதிர்ப்பக்கமாகப் புரண்டு தலைகீழானது.

"என்ன சுட்டுட்டானா மாமா?"

"யாரும் சுடலடா. நீதான் இழுத்த."

அந்த விமானத்தின் குணமே அது. பிடிபட்ட ஃபோக்க-வுல்ஃபை ஓட்டிப் பார்த்த பிரிட்டிஷ் சோதனை விமானி எரிக் பிரவுன், ஸ்டால் ஏறக்குறைய முன்னறிவிப்பே இல்லாமல் வருகிறது, இடது இறக்கை விழும் வேகத்தில் விமானம் கிட்டத்தட்ட தலைகீழாகிவிடும், இறுக்கித் திருப்பும்போது என்றால் எதிர்ப்பக்கம் புரளும் என்று பதிவு செய்திருக்கிறார். ஸ்பிட்ஃபயர் அப்படி இல்லை. அதன் இறக்கை வேரிலிருந்து நுனிக்கு லேசாக முறுக்கப்பட்டிருக்கிறது. நுனியின் கோணம் வேரைவிடச் சுமார் இரண்டரை டிகிரி குறைவு. அதனால் வேர் முதலில் ஸ்டாலாகும், பிய்ந்த காற்று உடம்பில் மோதி நடுங்க வைக்கும், ஏலிரான் இருக்கும் நுனிப்பகுதி இன்னும் பிடிப்போடு இருக்கும். நடுக்கத்தின் விளிம்பிலேயே திருப்பிக்கொண்டு போகலாம். கோர்செயர் என்ற அமெரிக்கக் கடற்படை விமானத்தில் இடது இறக்கை முந்தி விழுந்துகொண்டிருந்தது; வலது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்னப் பட்டையை ஒட்டி, அதையும் சேர்ந்து ஸ்டாலாக வைத்துச் சரி செய்தார்கள். பட்டறைக்காரனுக்கு இந்த மாதிரித் தீர்வு மனசுக்கு நெருக்கமானது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சிமுலேட்டர் ஆடுகிற நம்மில் பலர், எது கஷ்டமோ அதுதான் நிஜம் என்று நினைக்கிறோம். அது சரியில்லை. எந்த விமானத்தை இழுத்தாலும் ஒரே மாதிரி படக்கென்று புரட்டிப்போடும் சிமுலேட்டர், புரட்டவே புரட்டாத சிமுலேட்டர் அளவுக்குப் பொய் சொல்கிறது. 1940-ல் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் ஸ்பிட்ஃபயரில் சில மணி நேரமே பழகிவிட்டுச் சண்டைக்குப் போனார்கள். அது அவர்களைப் பிழைக்கவிட்ட விமானம். நல்ல சிமுலேட்டர் அந்த நடுக்கத்தை எனக்குச் சொல்ல வேண்டும், சொல்லியும் நான் இழுத்தால்தான் தண்டிக்க வேண்டும்.

சொல்வதில்தான் சிக்கல். நிஜ விமானி இருக்கையில் அதை உணர்கிறார். எனக்கு நாற்காலி அசையாது. சத்தமும் திரை ஆட்டமும்தான் உண்டு. ஸ்டிக்கின் கனமும் அப்படியே. மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் அதிவேகத்தில் கல்லாக இறுகிவிடும். மேஜை ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங் எல்லா வேகத்திலும் ஒரே கனம். அதனால் நான் ஸ்டிக்கில் ஒன்றரைச் சாண் குழாய் நீட்டு ஒன்று போட்டேன். அதே அளவு திரும்ப, கை இப்போது அதிக தூரம் போகிறது. படக்கென்று இழுக்கும் பழக்கம் பாதி குறைந்தது. ஹெட்போனை மாற்றியதும் உதவியது. காற்று பிய்யும்போது வரும் அந்தத் தாழ்ந்த உறுமல் பழைய ஹெட்போனில் கேட்கவே இல்லை.

பழைய விளையாட்டுகள் பலவற்றில் இறக்கை ஒரே துண்டு. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் விழு என்று ஒரு கட்டளை. இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அந்த நொடியின் தாக்குகோணத்தைக் கணக்கிட்டால்தான் ஒரு இறக்கை முந்தி விழுவது தானாகவே வெளிவரும். கணக்கு எவ்வளவு கடினம் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. எச்ஏஎல் என்ற அரசு விமான நிறுவனம் செய்த எச்ஜேடி-36 பயிற்சி ஜெட் 2003 மார்ச்சில் முதல் தடவை பறந்தது. ஸ்டாலும் ஸ்பின்னும் ஒத்துவராமல் வருஷக்கணக்கில் நின்றது. செங்குத்து வாலைப் பின்னால் நகர்த்தி, ரட்டர் பரப்பைக் கூட்டி, ஸ்பின்னைத் தடுக்கும் பாராசூட் கட்டிச் சோதித்து, 2022 தொடக்கத்தில் ஆறு சுற்று ஸ்பின்னிலிருந்து மீள்வதைக் காட்டினார்கள். நிஜ விமானத்தில் கண்டுபிடிக்கவே இத்தனை வருஷம்.

மாசியில் ஒரு பழைய கியர்பாக்ஸ் பார்க்க உளுந்தூர்பேட்டை போயிருந்தேன். அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறது என்று தெரியும். பைக்கை நிறுத்திவிட்டு ஓரமாக நின்று பார்த்தேன். வெடித்த கான்கிரீட், வெடிப்பில் செடி, தூரத்தில் ஆடு. கொண்டல் காற்று பக்கவாட்டில் வீசிக்கொண்டிருந்தது. இந்த அகலத்தில், இந்தப் பக்கக் காற்றில், மூக்கு மறைத்து முன்னால் ஒன்றுமே தெரியாத ஒரு விமானத்தை ஒருவன் இறக்குகிறான் என்றால் அவன் கால் எப்படி வேலை செய்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வெயிலில் நின்றபடியே வலது பாதம் செருப்புக்குள் அசைந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் தானாகவே கேட்டான், பத்துமியில் முஸ்டாங் தரச்சொல்லி. டேக்ஆஃப் அசிஸ்ட்டைப் பூஜ்யத்தில் வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். குதிகாலை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டான். ஸ்டிக்கை வயிற்றோடு அணைத்துக்கொண்டான், டிரிம் 6 டிகிரி வலது வைத்தான், மெதுவாகத்தான் கொடுத்தான். ஓடுதளத்தில் பாதிவரை நேராக ஓடியது. வால் எழும்பும்போது மூக்கு இடது போனது. கால் கொஞ்சம் தாமதம். புல்லுக்குள் இறங்கி, சுழன்று, நின்றது.

"வால் தூக்குறப்போ இன்னும் முன்னாடியே குடுக்கணுமா மாமா?"

"முன்னாடியே. ஆனா கொஞ்சமா."

அவனே ரீஸ்டார்ட் அழுத்தினான்.